ஒரு மண்டபத்துக்கு இரண்டு கல்யாணம்

இந்த ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் எந்தப் புதிய ஆசிரியர் தலையில் விழுந்திருக்கிறதோ, அவருக்கு முதலில் என் வாழ்த்து. ஆசிரியர் அறையில் மற்றவர்கள் அவரைத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போலப் பார்க்கிறார்களாம். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். குற்றவியல் எடுக்கிறவருக்குக் கொலை இருக்கிறது. குடும்பச் சட்டம் எடுக்கிறவருக்குக் கண்ணீர் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? சம்மன், வாய்தா, வக்காலத்து. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி ஓய்வு பெறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தப் பெண்மணி நான்தான்.

என் கணவர் சுரங்கத்தில் ஷிப்ட் இன்ஜினியர். நெய்வேலி நகரியத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். நான் வேலை பார்த்த சட்டக் கல்லூரி பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்தது. காலையில் மடியில் சட்டப் புத்தகம் மட்டும் இருக்கும். சாயங்காலம் புத்தகத்தின் மேல் கத்திரிக்காய் இருக்கும்.

எனக்கு முன்னால் இந்தப் பாடத்தை எடுத்த பேராசிரியை ஓய்வு பெறப்போகிற வாரத்தில், என் முதல் வகுப்பைக் கேட்கப் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் சம்மன் சார்பு செய்யும் முறையை, அதாவது அதை உரியவர் கையில் சேர்ப்பிக்கும் முறையை, விதி விதியாக வாசித்தேன். முதலில் ஜன்னலோரம் இருந்தவர்கள் தூங்கினார்கள். பிறகு நடுவரிசை. மணி அடித்து நான் நிமிர்ந்தபோது பேராசிரியையும் தூங்கிக்கொண்டிருந்தார்.

கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா எடுத்தம்மா. நான் இந்த மாதிரி தூங்கி எத்தனையோ மாசமாச்சு" என்றார்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "ரெண்டு பேரு கோபமா இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. யாரு முதல்ல பேசணும், மத்தவங்க எப்போ பதில் சொல்லணும்? அதுக்குப் பேருதாம்மா நடைமுறைச் சட்டம். நீ கோபத்துலேருந்து ஆரம்பி. விதி தானா வரும்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். கேவியட் என்கிற முன்னெச்சரிக்கை மனுவைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. "பக்கத்து வீட்டு அக்கா உங்க அம்மாகிட்ட உங்களைப் பத்திக் கோள் சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க என்ன செய்வீங்க? முந்திக்கிட்டு ஓடிப்போய், 'அம்மா, அவங்க வந்து என்ன சொன்னாலும் என்னையும் கூப்பிட்டுக் கேட்டுட்டு அப்புறம் அடி'ன்னு சொல்லி வைப்பீங்க. அதுதான் கேவியட்" என்றேன். ஜன்னலோரம் முழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் தூங்கியவர்கள் உண்மையிலேயே உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும்தான்.

அந்த மாணவர்களில் இரண்டு பேர் ஜெயந்தியும் பிரபாகரும். படிக்கும்போது ஒருவர் கருத்தை மற்றவர் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. "மழை பெய்கிறது" என்று ஜெயந்தி சொன்னால் பிரபாகர் ஆதாரம் கேட்பான். இரண்டு பேரும் வக்கீலாகப் பதிவு செய்து, கறுப்புக் கோட்டின் மடிப்புக்கூடக் கலையாத காலத்தில்தான் இந்தக் கல்யாண வழக்கு வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. தை மாதம்.

தை மாதத்தில் எங்கள் பக்கம் கல்யாண மண்டபம் கிடைப்பது என்றால், அது மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம். மந்தாரக்குப்பத்தில் ஒரு மண்டபம். அதன் உரிமையாளர் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளை வாக்குக் கொடுத்தார். அவர் மகன் அதற்கு முன்பே, அப்பாவுக்குத் தெரியாமல், வேறொரு குடும்பத்துக்கு அதே நாளைக் கொடுத்திருந்தான். இரண்டு வீட்டாரும் பத்திரிகை அடித்து, முதல் பத்திரிகைகளில் ஒன்றை மரியாதைக்காக மண்டபக்காரருக்கே கொண்டுவந்து நீட்டியபோதுதான் விஷயம் வெடித்தது. அவர் இரண்டு வீட்டாரிடமும் தனித்தனியாக, "நீங்க கவலைப்படாதீங்க, அவங்கள நான் பாத்துக்கறேன்" என்று சத்தியம் செய்தார். பிறகு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று திருப்பதிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ஒரு வீடு சங்கரலிங்கத்தினுடையது. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். சுரங்க நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, நகரியத்தில் குவார்ட்டர்ஸ், ஒரே பெண். இன்னொரு வீடு அந்தோணிசாமியினுடையது. மேல்பட்டாம்பாக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மந்தாரக்குப்பத்தில் சைக்கிள் கடை, மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டு பேருமே நல்லவர்கள். நல்லவர்கள் கோபித்துக்கொண்டால் வழக்கு நீளும். தான் நல்லவன் என்பதை நிரூபிக்காமல் அவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

சங்கரலிங்கம் ஜெயந்தியிடம் போனார். மண்டபக்காரர் மீதும் அந்தோணிசாமி மீதும் வழக்குப் போட்டு, அன்றைக்கு மண்டபத்தில் வேறு யாரும் நுழையக்கூடாது என்று தடையாணை கேட்டார். மறுதரப்பைக் கேட்காமலே ஆணை வாங்கிவிடலாம் என்று ஜெயந்தி நினைத்திருந்தாள். பார்த்தால், பிரபாகர் ஏற்கெனவே அந்தோணிசாமிக்காக ஒரு கேவியட் போட்டு வைத்திருந்தான். "என்னையும் கூப்பிட்டுக் கேட்டுட்டு அப்புறம் அடி." முன்சீப் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி, கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் விசாரணை வைத்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிய வந்தது. ஜெயந்தி மொபெட்டை வாசலில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமலே முன்னறைக்குள் வந்தாள்.

"மேடம், நாளைக்கு எனக்கு முதல் பெரிய வாதம். அந்தப் பக்கம் யாரு தெரியுமா? பிரபாகர்! நீங்க சொல்லிக்குடுத்த கேவியட்ட வெச்சே என்னைக் கவுத்துட்டான்."

அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். பின்வாசலில் என் கணவர் நின்றிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"உன் ஸ்டூடண்ட் ஒருத்தன் கொல்லைப்பக்கம் வாழை மரத்துக்கிட்ட நிக்கிறான். முன்னால ஏதோ மொபெட் நிக்குதாம், அதனால இப்படி வந்தானாம். காப்பி குடுத்திருக்கேன்."

"பேரு?"

"பிரபாகர்னான்."

"ஐயோ! முன்னால ஜெயந்தி இருக்கா!"

"தெரியும். அவளுக்கும் காப்பி குடுத்துட்டேன்."

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முன்னறையில் ஒரு தரப்பு, கொல்லையில் மறுதரப்பு, நடுவில் நான், கையில் சர்க்கரை டப்பா. கொல்லைக்குப் போனேன். பிரபாகர் வாழை மறைவிலிருந்து கிசுகிசுத்தான்.

"மேடம், அவங்க புக் பண்ணது மண்டபக்காரர் பையன்கிட்ட. பையனுக்கு அதிகாரமே கெடையாது. இந்த பாயின்ட் நிக்குமா?"

முன்னறைக்கு வந்தேன். ஜெயந்தி, "மேடம், நாங்கதான் முதல்ல புக் பண்ணோம். அது போதுமா?" என்றாள்.

இரண்டு பேருக்கும் நல்ல வாதம் இருந்தது. இரண்டு வாதத்திலும் ஓட்டையும் இருந்தது. இரண்டு ஓட்டையும் எனக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரோ ஒருவர் ஜெயிப்பார். யாரோ ஒருவருடைய பெண் தை மாதத்தில் பத்திரிகை அடித்தபிறகு நடுத்தெருவில் நிற்பாள். முதலில் வந்தவளுக்குச் சொல்வதா, அதிகம் பயந்திருந்தவனுக்குச் சொல்வதா? யாருக்குச் சொன்னாலும் மற்றவருக்கு நான் இனி ஆசிரியை இல்லை.

என் கணவர் அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு, "அடுத்து எந்தப் பக்கம் போகப் போற? நானும் வரேன். டி.வி.யில இந்த மாதிரி ஒண்ணும் போடறதில்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடே போய்க் கொல்லைக் கதவை விரியத் திறந்து, "பிரபாகர், உள்ள வா" என்றேன். முன்னறையைப் பார்த்து, "ஜெயந்தி, நீயும் வா" என்றேன். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, கையில் எங்கள் வீட்டு டம்ளரோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எப்படி ஜெயிக்கிறதுன்னு ரெண்டு பேருக்கும் நான் சொல்லமாட்டேன். காப்பிய முடிச்சிட்டுக் கிளம்பலாம். இல்லன்னா உக்காந்து நான் கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லலாம்."

ஜெயந்தி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததால் பிரபாகரும் உட்கார்ந்தான்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஏழரையிலேருந்து ஒன்பது, மேடம்."

"சர்ச்சுல?"

"பத்து மணிக்குப் பூசை. முடிச்சிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மண்டபம்."

அவ்வளவுதான். இது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பிராதில், அதாவது வழக்கு மனுவில், "அன்றைய தினம் முழுவதும்" என்று எழுதியாகிவிட்டது. அந்தச் சொற்றொடரை எழுதியபின் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜெயந்தி முழு நாளையும் கேட்டதால் பிரபாகர் முழு நாளையும் மறுத்தான்.

"ஆனா மேடம்," என்று பிரபாகர் ஆரம்பித்தான், "அவங்க சுத்த சைவம். எங்க ஆளுங்க பிரியாணி போடறாங்க. ஒரே சமையல்கட்டு."

"சமையல்கட்டுக்குள்ள பிரியாணி அண்டாவப் பாத்தாலே எங்க கட்சிக்காரர் மயங்கி விழுந்துடுவார்" என்றாள் ஜெயந்தி. "அதுவுமில்லாம ரெண்டு அப்பாக்களும் பேசிக்கவே மாட்டாங்க."

அடுக்களை வாசலில் சாய்ந்திருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். "இதுல என்ன இருக்கு? எங்க மைன்ஸ்ல ஒரே மெஷின மூணு ஷிப்ட் ஓட்டறோம். ஒரு மண்டபத்த ரெண்டு ஷிப்ட் ஓட்ட முடியாதா? ஃபர்ஸ்ட் ஷிப்ட் கல்யாணம், செகண்ட் ஷிப்ட் கல்யாணம்!"

ஜெயந்திதான் முதலில் சிரித்தாள். பிறகு பிரபாகர். பிறகு மூன்று பேரும் சேர்ந்து மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். பக்கத்து குவார்ட்டர்ஸில் ஜன்னல் திறந்து, "என்னங்க, யாருக்காவது பிரமோஷனா?" என்று கேட்டார்கள். சிரித்து முடித்தபோது பிரபாகர் கையில் பேனா இருந்தது. நான் அந்தப் பேனாவைத் தொடவில்லை. ஆசிரியை வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பது ஒரு காரணம். அவர்களாகவே ஒத்துக்கொண்ட முதல் விஷயத்தை வேறு கையெழுத்தில் எழுதக்கூடாது என்பது இன்னொரு காரணம்.

இப்படி ஒரு சமரச மனு உருவாயிற்று. முந்தின நாளிலிருந்து காலை பதினொரு மணிவரை மண்டபம் சங்கரலிங்கம் வீட்டுக்கு. அதற்குப் பிறகு அந்தோணிசாமி வீட்டுக்கு. மண்டபக்காரர் தன் செலவில் பின்பக்கம் தனிக் கீற்றுக்கொட்டகை போட்டுத் தரவேண்டும், பிரியாணி அங்கே. ஒரு வீட்டுச் சாப்பாடு மறு வீட்டுப் பந்திக்குப் போகக்கூடாது. நாகஸ்வரமும் பேண்டு செட்டும் ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடாது. ஜெயந்தி ஒவ்வொரு வரிக்கும் ஒரு காற்புள்ளி கேட்டாள். பிரபாகர் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் காரணம் கேட்டான்.

மறுநாள் நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே முன்சீப் வந்து உட்காருவதற்கு முன்னால் எதிரிலிருந்த டீக்கடையில் இரண்டு அப்பாக்களையும் அவரவர் வக்கீல் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். நடுவில் டீக்கடை பெஞ்சு ஒன்று எல்லைக்கோடு மாதிரி கிடந்தது.

அந்தோணிசாமி என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "இன்னாங்க டீச்சர் இது, கோர்ட்டுன்ற வாசல நான் மிதிச்சதே இல்ல. வூட்டுல பொண்ணு அழுதுகினே கெடக்குது. பெரிய மனுசன், நேரா வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

சங்கரலிங்கம் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேர வந்து கேக்கணும்னுதான் நினைச்சேன் டீச்சரம்மா. அதுக்குள்ள அவாளும் வக்கீலப் பாத்தாச்சுன்னு கேள்விப்பட்டேன். எம் பொண்ணு சாப்பாட்டத் தொட்டு ரெண்டு நாளாச்சு, பாத்துக்கிடுங்க."

இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி ஒரு பெண் அழுகிறாள் என்பது அப்போதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஜெயந்தி அந்த நேரம் பார்த்து மனுவை வாசிக்க ஆரம்பித்தாள். நேரப் பங்கீட்டுக்கு இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கொட்டகைக்கு வந்தாள். "மண்டபத்தின் உரிமையாளர் தமது சொந்தச் செலவில்..."

"அதெப்படி? என் செலவுல நான் இன்னாத்துக்குக் கொட்டா போடணும்?"

எல்லாரும் திரும்பினோம். டீக்கடை மூலையில் மொட்டைத் தலையோடு, சந்தனம் பூசி, துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் இவ்வளவு நேரமும் வடை தின்றுகொண்டிருந்தார். வாயை விட்டுவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. வடையோடு அப்படியே உறைந்துவிட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்த, நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் அமீனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யோவ்! நேத்து மண்டபத்துல செடிக்குத் தண்ணி ஊத்திகினு, 'ஓனரு திருப்பதி போயிருக்காரு'ன்னு சொன்னது நீதானே?"

"போனது நெசம்தாங்க," என்றார் மண்டபக்காரர் பரிதாபமாக. "திரும்பி வந்துட்டாரான்னு நீங்க கேக்கலையே."

அமீனா பையிலிருந்து நோட்டீஸை எடுத்து வடைக்குப் பக்கத்தில் வைத்தார். கையெழுத்து வாங்கினார். சம்மன் சார்பு செய்யும் முறையை நான் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு அழகாகச் சார்பு செய்யப்பட்ட ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டார். சங்கரலிங்கம் சிரித்தார். அந்தோணிசாமி சிரித்தார். ஒருவர் சிரிப்பதை மற்றவர் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் அவசரமாக நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் பார்த்தாகிவிட்டது. மண்டபக்காரர் கொட்டகை போடச் சம்மதித்தார். அந்த நேரத்தில் அவர் கோபுரமே கட்டச் சம்மதித்திருப்பார்.

கோர்ட்டுக்குள் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வழக்கு கூப்பிட்டதும் ஜெயந்தியும் பிரபாகரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். முன்சீப் இளைஞர். மனுவை வாங்கி வாசித்தார். "பேண்டு செட்" என்ற இடத்தில் அவர் உதடு துடித்ததைப் பார்த்தேன். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, தரப்பினர் மூன்று பேரையும் முன்னால் கூப்பிட்டார். "இது நீங்களாகவே சம்மதித்துச் செய்துகொண்டதுதானா?"

மண்டபக்காரர் தலையாட்டினார். அந்தோணிசாமி, "ஆமாங்கய்யா" என்றார். சங்கரலிங்கம் துண்டை மடித்தார், பிரித்தார்.

கோர்ட்டே அவரைப் பார்த்தது.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதினோரு மணின்னு போட்டிருக்கு. எங்க ஊர்லேருந்து வயசானவங்க ராத்திரி முழுக்கப் பிரயாணம் பண்ணி வாராவ. நிதானமாத்தான் சாப்பிடுவாவ. மணி அடிச்சதும், சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்கள எந்திரிங்கன்னு சொல்லிருவாங்களோ? அப்படின்னா எனக்கு இது வேண்டாம்."

முன்சீப் பிரபாகரைப் பார்த்தார். "என்ன சொல்கிறீர்கள்?"

எங்கள் வீட்டு மேசையில் இந்தக் கேள்வி வரவில்லை. "விட்டுக்கொடுக்கிறோம்" என்றால் பிறகு எத்தனை மணிக்கு மண்டபம் கிடைக்கும் என்று அவன் கட்சிக்காரர் கேட்பார். "ஒப்பந்தப்படிதான்" என்றால் எல்லாம் இங்கேயே உடைந்துவிடும். அவன் திரும்பினான். நேராக என்னைப் பார்த்தான்.

நான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதே இந்த ஒரு கணத்துக்காகத்தான். உங்கள் மாணவர்களும் ஒரு நாள் அப்படித் திரும்பிப் பார்ப்பார்கள். விடை உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். தலையை ஒரு அசைப்பு அசைத்தால் போதும் என்று தோன்றும். அப்போது குனிந்து உங்கள் செருப்பைப் பாருங்கள். நான் பார்த்தேன். ஒரு வார் பிய்ந்திருந்தது. அதைத் தைக்கக் கொடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன். அவன் என்னிடம் விடை எடுத்துக்கொண்டிருந்தால், அது ஒரு புத்திசாலித்தனமான விடையாக இருந்திருக்கும். அந்த இடத்துக்குப் புத்திசாலித்தனம் தேவைப்படவில்லை.

என் உச்சந்தலையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாததால் அவன் மறுபடி முன்னால் திரும்பினான். "ஐயா, என் கட்சிக்காரரையே கேட்டுவிடுகிறேன்" என்றான்.

அந்தோணிசாமி முன்சீப்பைப் பார்க்கவில்லை, சங்கரலிங்கத்தைப் பார்த்தார். "இன்னா சார் நீங்க! சாப்புட்டுகினு இருக்கறவங்கள எழுப்பிவுடற ஜென்மமா நாங்க? உங்க வூட்டுப் பெரியவங்க கை கழுவற வரைக்கும் நாங்க வாசல்ல நிக்கறோம். நீங்க பொண்ணுக்கு நல்லபடியா தாலியக் கட்டி அனுப்புங்க."

சங்கரலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சம்மதம், அய்யா" என்றார். முன்சீப் அதையும் பதிவு செய்யச் சொன்னார். வெளியே வந்ததும் ஜெயந்தியும் பிரபாகரும் தாழ்வாரத்தில், கறுப்புக் கோட்டோடு, சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள். பிறகு யார் முதலில் எழுந்தது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

இரண்டு வீட்டுப் பத்திரிகையும் எங்களுக்கு வந்திருந்ததால், கல்யாணத்தன்று நானும் என் கணவரும் விடிந்ததும் முதல் கல்யாணத்துக்குப் போனோம். தாலி கட்டியாயிற்று. பந்தி ஆரம்பித்தது. திருநெல்வேலிப் பெரியவர்கள் ராத்திரி முழுக்கப் பயணம் செய்த பசியில், சங்கரலிங்கம் சொன்னதுபோலவே மிக நிதானமாகச் சாப்பிட்டார்கள். பாயசத்துக்கு மேல் அவியலுக்குத் திரும்பிப் போனார்கள்.

இந்தப் பக்கம் இப்படியென்றால், சர்ச்சில் அன்றைக்கென்று சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நிறுத்தமாட்டாரா என்று ஊரே ஏங்கும். அன்று அவருக்கு வேறு ஊரில் இன்னொரு கல்யாணம். ஆகவே பதினொரு மணிக்கு முன்பே பேண்டு செட் முழங்க, வெள்ளைக் கவுனில் மணப்பெண்ணும் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையும் பின்னால் பெரும் கூட்டமுமாக மண்டப வாசலுக்கு வந்துவிட்டார்கள். பேண்டு செட்டைக் கேட்டதும் உள்ளே நாகஸ்வரக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் பாய்ந்து எழுந்து வாசிக்க, தவில்காரர் சேர்ந்துகொள்ள, வாசலில் டிரம்பெட் பதில் சொல்ல, மண்டபத்துக் கூரைத் தகடு அதிர்ந்தது.

அந்தோணிசாமி வாசலிலேயே கையை விரித்துத் தன் கூட்டத்தை நிறுத்தினார். "யாரும் உள்ள போவாதீங்க! சாப்புட்டுகினு இருக்காங்க!" நல்ல வெயில். மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைகள் அழுதன. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த பாட்டிமார் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்கள்.

ஜெயந்தி என் பக்கத்தில் வந்து காதில் கத்தினாள். "மேடம்! ரெண்டு மேளமும் ஒரே நேரத்துல வாசிக்குது! தீர்ப்பாணைய மீறியாச்சு!"

"உன் கட்சிக்காரர்கிட்ட சொல்லு" என்றேன்.

அதற்குள் சங்கரலிங்கம் பந்தியிலிருந்து சாம்பார் வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டார். வெயிலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கையை விரித்துக்கொண்டு நின்ற அந்தோணிசாமியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற பிரபாகரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வக்கீல் தம்பி! கோர்ட்டு ஆர்டர்ல பந்தி எத்தனைன்னு போட்டிருக்கா?"

பிரபாகர் இந்த முறை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லீங்க சார்" என்றான்.

"அப்ப சரி." சங்கரலிங்கம் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தோணிசாமியின் விரித்த கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அண்ணாச்சி, பிள்ளைய வெயில்ல நிக்க வச்சிக்கிட்டு என்ன பேச்சு? எல்லாரும் உள்ள வாங்க. இலை போடச் சொல்லியாச்சு."

வெள்ளைக் கவுன் உள்ளே வந்தது. கூறைப்புடவை மேடையிலிருந்து இறங்கி வந்தது. இரண்டு பெண்களும் நடு மண்டபத்தில் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களாலதான் நான் ரெண்டு நாள் சாப்பிடல" என்று ஒருவர் சொல்ல, "நான் மட்டும்?" என்று மற்றவர் சொல்ல, கட்டிக்கொண்டு சிரித்தார்கள். பேண்டு செட்டும் நாகஸ்வரமும் யாரோ கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரே பாட்டை வாசிக்க முயன்றன. அது என்ன பாட்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தோணிசாமியின் கூட்டத்தில் பாதிப்பேர் பிரியாணிக்கு முன்னால் சைவச் சாப்பாடு சாப்பிட்டார்கள். சங்கரலிங்கத்தின் தம்பி பிள்ளைகள் மத்தியானம் பின்பக்கக் கொட்டகையில் எதற்காக அவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் அவர்களோடுதான் நின்றார்.

மண்டபத்தை ஒப்படைக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. யார் யாருக்கு ஒப்படைத்தார்கள் என்பதும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தச் சமரசத் தீர்ப்பாணையில் எத்தனை நிபந்தனைகள் உண்டோ அத்தனையும் அன்று ஒன்று விடாமல் மீறப்பட்டன.

தீர்ப்பாணையை மீறினால் அதை நிறைவேற்றித் தரும்படி மனுப் போடலாம். சட்டம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் முடிந்துவிட்டன. ஒருவரும் போடவில்லை.